ஸ்டோர் கிளார்க்கின் சாக்ஸஃபோன்

என் பெரியப்பாவைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இரண்டே தகவல்கள் உண்டு. ஒன்று, அவர் சாக்ஸஃபோன் வாசித்தார். மற்றொன்று, அவர் வளைகுடாவில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து இறந்துபோனார். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் செய்தித்தாளில் பிழை திருத்தியவள் நான். இரண்டு தகவல்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

போன மாதம் தோஹாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஹபீப் முகம்மது. கீழக்கரைக்காரர், நஜ்மாவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். பரணை ஒழித்தபோது அவருடைய தகப்பனார் காலத்துத் தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே ஜே. எஸ். ஞானமுத்து என்ற பெயரும், பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் வேதக் கோயிலின் முகவரியும் இருந்தன. போதகரிடம் பேசி என் எண்ணை வாங்கியிருக்கிறார்.

"அனுப்பி வைக்கவாம்மா, நீங்களே வந்து எடுத்துக்கிறீகளா?"

நானே வருகிறேன் என்றேன். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பெரியப்பாவின் ஒரே மகள் எஸ்தர் அக்கா துபாயில் அல் குசைஸில் தன் மகள் ஷீபாவோடு இருந்தாள். ஷீபாவின் பள்ளிக்கூட வேலை முடிந்துவிட்டது. விசாவை ரத்து செய்து குடும்பத்தோடு ஊர் திரும்ப ஒன்பது நாட்கள்தான் பாக்கி. அக்காவுக்கு எழுபத்தேழு வயது. அவளிடம் தகப்பன் எழுதிய கடைசிக் கடிதம் இருக்கிறது. அதில் ஒரு வரி: 'உனக்கென்று ஒரு பாட்டு போட்டு வைத்திருக்கிறேன், லீவில் வந்து வாசித்துக் காட்டுகிறேன்.' அவர் லீவில் வரவில்லை. எண்ணெய்க் கம்பெனி கேம்ப்பில் காய்ச்சல் வந்து போய்விட்டார். அந்தப் பாட்டு உண்மையிலேயே இருந்ததா, குழந்தையைச் சமாதானப்படுத்தச் சொன்னதா என்று அக்கா வாழ்நாள் முழுக்க யோசித்தாள். அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. இதைக் கேட்காமலே செய்யலாம் என்று கிளம்பினேன்.

வியாழக்கிழமை காலை தோஹா. டாக்சி ஓட்டியவர் பெஷாவர்க்காரர். வரைபடம் காட்டிய இடத்தில் நிறுத்தினார். அங்கே தகர வேலியும் அதற்குப் பின்னால் கான்கிரீட் குவியலும்தான் இருந்தன.

"மாஃபி, மேடம்," என்றார், இல்லை, முடிந்துபோயிற்று என்பதுபோல் கைகளை விரித்து. "பில்டிங் கலாஸ்."

வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கடைப் பலகை மட்டும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் தாமதித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பக்கத்து டீக்கடையில் விசாரித்தபோது, இடித்தது வேறு கட்டடம் என்றும், ஹபீப் பாய் கடை மூன்று சந்து தள்ளி என்றும் சொன்னார்கள். கையோடு ஒரு கரக் டீயும் கொடுத்தார்கள். ஏலக்காய் போட்டு, பால் சுண்டும் வரை கொதிக்க வைத்த டீ. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் இவ்வளவு நேரம் கொதிக்க விட்டால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

நஜ்மாவின் அந்தச் சந்தில் நடந்தபோது ஊரைவிட்டு வந்த உணர்வே இல்லை. முடிதிருத்தும் கடை, பரோட்டாக் கல், சீட்டித் துணிகள், செல்போன் பழுது பார்ப்பவர். நூறடிக்குள் நான்கு மாவட்டத்துத் தமிழ் காதில் விழுந்தது.

ஹபீப் பாய் எழுபதைத் தாண்டியவர். வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத சட்டை. முதலில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வரவழைத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை பெட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்:

"எங்க வாப்பா அப்ப ஆயில் கேம்ப்புக்குச் சாமான் போட்டுக்கிட்டு இருந்தாக. ஒங்க பெரியத்தா மாசாமாசம் வருவாக. பம்பாய்லேர்ந்து ரீட் வரவழைச்சுக் கொடுக்கச் சொல்லுவாக. ஊதுற வாயில வைக்கிற மூங்கித் துண்டு. இந்த ஊர்ல அது யாருக்கு வேணும்? அவுக ஒருத்தருக்குத்தான்."

"பெட்டி எப்படி இங்கே வந்தது?"

"லீவுக்குப் போகையில எடுத்துக்கிறேன்னு பூட்டி வச்சுட்டுப் போனாக. அப்புறம் மௌத்தாயிட்டாகன்னு தகவல் வந்துச்சு. வாப்பா ரெண்டு பேர்கிட்ட ஊருக்குச் சொல்லி அனுப்புனாக. யாரும் வரலை. அமானிதப் பொருளும்மா அது. சொந்தக்காரர் வராமத் தொறக்கக் கூடாது. வாப்பா தொறக்கலை, நானும் தொறக்கலை. இப்பக் கட்டடமே போகுதுன்னதும் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்டக் கேட்டேன். உரியவங்களைக் கண்டுபிடிக்கத் தொறக்கலாம்னாக. அதுக்கப்புறந்தான் பூட்டை ஒடைச்சேன்."

இரண்டு தலைமுறை. மூன்று முறை கடை இடம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டியும் கூடவே போயிருக்கிறது. ஒரு தடவைகூட யாரும் அதை ஆட்டிப் பார்க்கவில்லை.

பெட்டியில் மூன்று பொருள்கள் இருந்தன. முதலாவது, சாக்ஸஃபோனின் வாய்ப்பகுதி. கறுப்பு எபனைட், கெட்டி ரப்பர், பல் பட்ட இடத்தில் இரண்டு சிறு பள்ளங்கள். இரண்டாவது, ஒரு புகைப்படம். வெள்ளைக் கோட்டு அணிந்த ஏழு பேர் நாற்காலிகளில் இருக்க, முன்வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து நின்று வாசிக்கிறார். என் அப்பாவின் நெற்றி, என் அப்பாவின் காது. மூன்றாவது, கெட்டி அட்டை போட்ட நோட்டு.

"இது ஸ்டோர் கணக்குன்னு நெனச்சேம்மா," என்றார் ஹபீப் பாய். "சாமான் நம்பர் மாதிரி எழுத்தும் புள்ளியுமா இருக்குது. தூக்கிப் போடலாம்னு மகன் சொன்னான். பொறுடான்னேன்."

திறந்தேன். வரி வரியாக ஆங்கிலச் சிறிய எழுத்துகள், நடுவில் முற்றுப்புள்ளிகள், இரட்டைப் புள்ளிகள், செங்குத்துக் கோடுகள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இது தெரியும். சோல்ஃபா. இசையை ஐந்து கோடுகளில் எழுதாமல், டோ, ரே, மி ஆகியவற்றின் முதல் எழுத்துகளை மட்டும் வைத்து எழுதும் முறை. மிஷனரிகள் கொண்டுவந்தார்கள். அவர்கள் போன பிறகும் எங்கள் பாடகர் குழுக்கள், கொயர்கள், அதை விடவில்லை.

தெரியும் என்றால் அடையாளம் தெரியும், அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் கொயரிலிருந்து என்னை வெளியேற்றினார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது.

முப்பத்தெட்டாம் பக்கத்தின் தலைப்பைப் படிக்க மட்டும் சங்கீதம் தேவைப்படவில்லை. தமிழில் எழுதியிருந்தது: 'எஸ்தர்.' அதன் கீழே 'எம் 176' என்று ஒரு குறிப்பு. பக்கத்தின் பாதியில், சிவப்பு மையில், ஒரே ஒரு தமிழ்ச் சொல்: 'எழும்பு.'

நான் இத்தனை ஆண்டுகளில் சேகரித்தவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஞானமுத்து மிஷன் பள்ளி பேண்டில் கிளாரினெட் கற்றார். சென்னைக்குப் போய் ரயில்வே இன்ஸ்டிடியூட் நடனங்களில் வாசித்தார். போர்க் காலத்தில் கொழும்பு ஓட்டல் ஒன்றில் நடனத்துக்கு வாசிக்கும் பெரிய ஸ்விங் பேண்டு. பழைய விளம்பரங்களில் அவர் பெயர் 'ஜிம்மி ஜேம்ஸ்'. ஞானமுத்து என்று போட்டால் வெள்ளைக்காரர்கள் டிக்கெட் வாங்கமாட்டார்கள் என்று ஓட்டல் நினைத்திருக்க வேண்டும். மூன்றாவது ஆல்டோ சாக்ஸஃபோன்காரராகச் சேர்ந்தவர் இரண்டே பருவங்களில் முதல் ஆல்டோ ஆனார். ஸ்விங் பேண்டில் முதல் ஆல்டோ என்றால் முன்வரிசை முழுவதும் அவர் மூச்சைப் பார்த்துத்தான் மூச்சு விடும். தனியாக வாசிக்கும் கட்டம் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். நின்றவர் யார் என்று கூடம் முழுக்கத் தெரியும்.

போர் முடிந்தது. சிப்பாய்கள் போனார்கள், நடனக் கூடங்கள் காலியாயின. அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு காகிதம்: பம்பாயில் கொடுத்த வேலை உத்தரவு, 'ஸ்டோர் கிளார்க்'. இசையை விட்டுவிட்டார் என்றே குடும்பம் நினைத்தது. கோயிலில் சிலர் அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரித்ததாகவும் கேள்வி.

ஹபீப் பாயிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"கேம்ப் கிளப்புக்கு ஆள் வேணும். பாட்டுக்காரன்னு விசா கெடையாது. ஸ்டோர் கிளார்க்னு எடுத்தாக. பகல்ல ஸ்டோர்ல உக்காந்திருப்பாக, அந்தியில கோட்டு மாட்டிக்கிட்டு ஊதுவாக. இப்பவும் அப்படித்தானேம்மா. நான் இந்த ஊருக்கு முதல்ல வந்தப்ப என் விசால எலெக்ட்ரீசியன்னு போட்டிருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒரு பல்பு மாட்டத் தெரியாது."

இரண்டு தகவல்களும் ஒட்டிக்கொண்டன. அவர் இசையை விடவே இல்லை.

சனிக்கிழமை, விமான நிலையச் சோதனையில் எபனைட் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெண் அதிகாரி, இது என்ன என்றார். சாக்ஸஃபோனில் வைப்பது என்றேன். நீங்கள் வாசிப்பீர்களா என்று கேட்டார். என் பெரியப்பா என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதை நானே கவனித்தேன்.

அல் குசைஸ் ஃப்ளாட்டில் பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிகளில் ஏறியிருந்தன. எஸ்தர் அக்கா கட்டிலில் உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி வசந்தா, நல்ல நேரத்துல வந்தே. அந்த ஊதுறவன் இன்னும் ஆரம்பிக்கலை."

எதிர் ஃப்ளாட்டில் ரேமண்ட் என்ற பிலிப்பைன்ஸ்காரர் இருக்கிறார். மாலையில் ஓட்டல் லாபியில் சாக்ஸஃபோன் வாசிப்பவர், பிற்பகலில் வீட்டில் சாதகம் செய்பவர். இரண்டு ஆண்டுகளில் அக்கா நான்கு முறை வாட்ச்மேனிடம் புகார் செய்திருக்கிறாள். நான்காவது முறைக்குப் பிறகு அவர் வாத்தியத்தின் விரிந்த முனைக்குள் குளியல் துண்டைச் சுருட்டி வைத்து வாசிக்கிறார்.

"அந்தச் சத்தந்தான் எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போச்சு," என்றாள் அக்கா. "கேட்டாலே ஜன்னலைச் சாத்திருவேன்."

நோட்டை அவள் மடியில் வைத்து முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்தேன். தன் பெயரின் மேல் விரலை வைத்தாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"அப்ப இருந்திருக்கு," என்றாள். பிறகு, "எப்படிட்டி இருக்கும்?"

ஷீபா நோட்டை எடுத்துக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினாள். ரேமண்ட் பயந்த முகத்துடன் வந்தார். இன்று இன்னும் வாசிக்கவே இல்லையே என்றார். விஷயத்தைச் சொன்னதும் நோட்டை வாங்கிப் பார்த்தார். தனக்கு ஐந்து கோட்டுக் குறியீடுதான் தெரியும், இந்த எழுத்துகளைப் பார்த்ததே இல்லை என்றார். வாய்ப்பகுதியை மட்டும் விளக்கில் பிடித்து உள்ளே பார்த்தார். "இதை வைத்திருந்தவர் விளையாட்டுக்கு வாசித்தவர் இல்லை," என்றார் ஆங்கிலத்தில்.

அக்காவுக்கு மொழிபெயர்த்தேன். அவள் டேப்பை எடுத்து ஒட்டத் தொடங்கினாள்.

ஞாயிறு ஆராதனைக்கு ஜெபல் அலி போனோம். ஒரே வளாகத்தில் பல சபைகள், பல மொழிகள். நம் ஊரில் தெருவுக்கு ஒரு கோயில், இங்கே மணிக்கு ஒரு கோயில். தமிழ்ச் சபையின் கொயர் ஏறியபோது நான் முகங்களைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தேன். இருபது பேரில் பத்தொன்பது பேர் கையில் செல்போன். ஒருவர் கையில் மட்டும் சோல்ஃபா அச்சிட்ட பழைய கீதப் புத்தகம்.

அவர் செல்வின். சாயர்புரத்துக்காரர், முப்பத்து நான்கு வயது, சாரம் கட்டும் வேலை, அல் குசைஸ் கேம்ப்பில் தங்கல். நோட்டைக் காட்டியதும் நின்ற இடத்திலேயே முதல் வரியை முணுமுணுத்தார்.

"சோல்ஃபாதான் ஆன்ட்டி. ஆனா என்னமா நெருக்கி எழுதியிருக்காவ! ஒரு அடிக்குள்ள நாலு சுரம். இப்படி நான் பாத்ததே இல்ல."

"பாட முடியுமா?"

"பாடிரலாம்."

பிற்பகல் மூன்று மணிக்கு வந்தார். கூடவே அறைத் தோழர் மாரிமுத்து, பரமக்குடிக்காரர். "இவன் ரூம்ல பாடி எங்க உயிரை எடுக்குறான். வெளியில பாடி யாரு உயிரை எடுக்கப் போறான்னு பாக்க வந்தேன்," என்றார். ஷீபா பிரியாணி செய்திருந்தது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

ரேமண்டுக்கு ஆறு மணிக்கு டூட்டி. பெரியப்பாவின் வாய்ப்பகுதியை வெதுவெதுப்பான நீரில் கழுவி, தன் ரீட் ஒன்றை அதில் கட்டி, தன் ஆல்டோவில் பொருத்தினார். ஏற்பாடு இதுதான்: செல்வின் வரி வரியாகப் பாடுவார், ரேமண்ட் கேட்டுத் தன் முறையில் எழுதிக்கொள்வார், பிறகு வாசிப்பார். ஒருவர் எழுத்தை இன்னொருவரால் படிக்க முடியாது. நடுவில் காது மட்டும்தான்.

ஒரு மணி நேரம் ஆனது. ரேமண்ட் வாசித்தார்.

மெதுவான, கனமான மெட்டு. அடக்க ஆராதனையில் பெட்டியை இறக்கும்போது பாடுவது போல. ஷீபா கண்ணைத் துடைத்தாள். மாரிமுத்துகூடத் தட்டைக் கீழே வைத்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"இதுவாட்டி?" என்றாள். "எனக்கு அப்ப ஏழு வயசு. ஏழு வயசுப் பிள்ளைக்கா இந்த எழவுப் பாட்டு?"

அக்கா எழுந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எழுபது ஆண்டுகள் காத்திருந்தது வந்துசேர்ந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வந்திருக்கவே கூடாதோ என்று எனக்குத் தோன்றியது.

ரேமண்ட் மட்டும் நோட்டை விடவில்லை. தலைப்புக்குக் கீழே விரலை வைத்துக் கேட்டார்: "இந்த எண் என்ன?"

நான் செல்வினைப் பார்த்தேன்.

"எம் 176-ஆ? அது வேகம் ஆன்ட்டி. நிமிஷத்துக்கு நூத்தெழுவத்தாறு அடி."

"நீங்க என்ன வேகத்துல பாடினீங்க?"

செல்வின் தலையைச் சொறிந்தார். "ஒரு அறுவது இருக்கும்."

"ஏன்?"

"நாங்க அந்த நம்பரைப் பாக்கவே மாட்டோம் ஆன்ட்டி. புஸ்தகத்துல என்ன போட்டிருந்தாலும் ஊர்ல எல்லாத்தையும் இழுத்துத்தான் பாடுவோம். இழுத்தாத்தான் பக்தி மாதிரி இருக்கும்."

"சந்தோஷப் பாட்டைக் கருமாதிப் பாட்டாக்கிட்டியேடா மாப்ள!" என்றார் மாரிமுத்து.

ரேமண்ட் செல்போனில், தாள வேகம் காட்டும் மெட்ரோனோமை 176-க்கு வைத்தார். டிக்டிக்கென்று அது ஓடத் தொடங்கியது. நானும் அந்தத் தவற்றில் பங்குதாரர்தான். அதே கோயிலில், அதே இழுவையில் வளர்ந்தவள். அந்தப் பாட்டு அப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன்.

மாரிமுத்து காலித் தண்ணீர்க் கேனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "யல்லா, ஆரம்பிங்க பாய்."

ரேமண்ட் ஊதினார். மூன்றாவது வரிக்குள் தெரிந்துவிட்டது. அது நடக்கிற பாட்டு இல்லை, ஓடுகிற பாட்டு. இரண்டு படி ஒன்றாகக் குதிக்கும், நிற்கும், திரும்பிப் பார்க்கும், மறுபடி ஓடும். ஒவ்வொரு அடியும் கொஞ்சம் நீண்டு, அடுத்ததை இடித்துத் தள்ளியது. செல்வின் சேர்ந்து பாட முயன்று மூச்சு வாங்கி விட்டுவிட்டார். கேனில் மாரிமுத்துவின் விரல்கள் எப்படியோ பிடித்துக்கொண்டன. கழுவிய தட்டுடன் அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். பிறகு மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் நடக்கவே மாட்டேனாம்," என்றாள் என் காதருகில். "ஓடிக்கிட்டேதான் இருப்பேனாம். அம்மா சொல்லுவா."

பக்கத்தின் பாதி வந்தது. நோட்டைப் பிடித்திருந்த செல்வின் திடீரென்று கத்தினார்: "இங்க எழும்பணும்! எழும்பச் சொல்லி எழுதியிருக்காவ!"

தமிழ் தெரியாத ரேமண்டுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. செல்வின் கையை மேலே ஆட்டிய விதமே போதுமானதாக இருந்தது. ஸ்விங் வாசித்த யாருக்கும் அந்த இடம் தெரியும். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். புகைப்படத்தில் என் பெரியப்பா நிற்பது போலவே, வாத்தியத்தைச் சற்று வலப்புறம் சாய்த்து. அந்தத் தனிக் கட்டம் முப்பத்திரண்டு தாளச் சுற்றுகள் நீண்டது. வாசிப்பது அவ்வளவு சுலபமில்லை என்று பிறகு ரேமண்ட் சொன்னார். இரண்டு இடங்களில் தடுமாறினேன், உங்கள் பெரியப்பா தடுமாறியிருக்க மாட்டார் என்றார்.

நான் அதைப் பாதிதான் கேட்டேன். மூட்டுவலியால் கோயிலில் ஜெபத்துக்குக்கூட எழாத எஸ்தர் அக்கா, தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். பாட்டு முடியும்வரை உட்காரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். பெட்டிகளை லிஃப்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா எதிர்க் கதவைத் தட்டி, முந்தின நாள் ரேமண்ட் கொண்டுவந்து கொடுத்திருந்த வாய்ப்பகுதியை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"எனக்கு எதுக்கு? நான் என்ன ஊதவா போறேன்?" என்று தமிழில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏட்டி, உள்ள சுருட்டி வச்சு ஊதுறானே, அந்தக் குளியல் துண்டை எடுத்திரச் சொல்லு."

சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

நாங்கள் கீழே இறங்குவதற்குள் பாட்டு மாடிப்படி வழியாக இறங்கி வந்துவிட்டது. கட்டடம் முழுக்க அதுதான். வாட்ச்மேன் பதறிப்போய் அக்காவை நோக்கி ஓடிவந்தார். ஐந்தாவது புகார் வருவதற்குள் மேலே போய் நிறுத்திவிடுகிறேன் என்று ஹிந்தியில் சொன்னார்.

ஊதட்டும், விடு என்பதுபோல் அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். பதினோரு ஆண்டு துபாய் வாழ்க்கையில் அவள் கற்ற ஹிந்தி மொத்தமும் வெளியே வந்தது.

"ரஹ்னே தோ, பாய்," என்றாள். "மேரா அப்பா."